சென்னைக்கு அகவை என்ன?

ஆண்டுதோறும் ஆகத்து 22-ஆம் நாளைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வழக்கம் அண்மைக் காலத்தே புகுந்துள்ளது. 1639-இல் அந்நாளில் தாமர்ல வேங்கடாத்திரி என்னும் நாயக்கர் கடற்கரை நிலத்துண்டு ஒன்றை ஆங்கிலக் கும்பணிக்கு அளித்தனராம். அன்று தோன்றியதாம் இம்மாநகர்! நிலத்துக்கு ஆவணம் எழுதிய நாளை நிலம் பிறந்த நாளாகக் கொள்வாரும் உளரோ? கோட்டைக்கு அகவை கூறுவது வேறு. ஊருக்கு அகவை கூறுவது வேறு.

ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் மயிலையின் திருவிழாக்களை மாதந்தோறும் வைத்துப் பாடிவிட்டார். திருவல்லிக்கேணித் திருக்கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் தந்திவர்மன் கல்வெட்டு இன்றும் உள்ளது. இவற்றைச் சமயச் சான்று என்று ஒதுக்குவாரும் உண்டு. அன்னார் கும்பணியார் கணக்கையே பார்க்கட்டும். 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியவற்றைப் பெற்றனர். 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றைப் பெற்றனர். கேட்டு வாங்கப்பட்ட ஊர் முன்னரே இருந்த ஊராகத்தானே இருத்தல் வேண்டும்?

கும்பணிக் காலத்தில் புதியனவாய் எழுந்த பேட்டைகளும் இல்லாமல் இல்லை. அவற்றை எழுப்பியது எவர் கை என்பதை அவற்றின் பெயர்களே காட்டும். கும்பணி இங்கு வந்தது துணி வாங்க. துணி நெய்தவரும், நூற்றவரும், வெளுத்தவரும், சாயந்தோய்த்தவரும் நம்மவர். வெளுப்போர் வாழ்ந்தவிடம் வண்ணாரப்பேட்டை. கூவம் வளைந்தோடும் இடத்தில் 1734-இல் நெசவாளரைக் குடியேற்றிய சின்னத்தறிப்பேட்டையே இன்று சிந்தாதிரிப்பேட்டை என மருவி, தறியை மறைத்து நிற்கிறது. காலெட் என்னும் ஆளுநர் திருவொற்றியூர்ப் பாங்கரில் நெசவாளர்க்கு அமைத்த பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. எழுத்தறியா எளிய மக்கள் வெள்ளையன் பெயரையே தமிழாக்கிக் கொண்டனர். கற்றவரோ எழும்பூரை 'எக்மோர்' என்றும், திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்றும் சொல்லி மகிழ்கின்றனர்!

இனி, சார்சு நகர் என வழங்கும் பகுதியை எண்ணிப் பார்க்க. கோட்டைக்குள் வெள்ளையர் நகர். வெளியே 'கறுப்பர் நகர்'. 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சியர் அக்கறுப்பர் நகரின் ஒருபகுதியை இடித்தனர். 1749-இல் மீளப்பெற்ற ஆங்கிலரோ, பகைவர் மறைந்து நிற்க இடமாகும் என்று எஞ்சியதையும் இடித்துத் திடலாக்கினர். சென்னகேசவர் கோயிலும் அதில் அகப்பட்டது. பின்னரே வேறிடத்தில் எழுந்தது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அவ்விடத்தே. வீடிழந்தோர் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளில் நெருங்கி வாழ்ந்தனர். 1911-இல் ஐந்தாம் சார்சு மன்னர் பெயரை அப்பகுதி முழுமைக்கும் சூட்டினர். இழிவுப் பெயர் போயிற்று என்று மகிழலாம். ஆயினும் அம்மன்னர் பெயரின்கீழ் இரண்டு பேட்டைகளின் பெயர்களும் புதைந்தன. வால்டாக்சு சாலை என்பது மற்றொரு வேடிக்கை. மதில் கட்டுதற்கென எண்ணித் தண்டாமலே விட்ட வரியின் பெயர் அது! தண்டாத வரிக்கு நினைவு உண்டு. இடிக்கப்பட்ட வீடுகளுக்கு இல்லை.

தெற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டு, நயன்மைக் கட்சித் தலைவர் தியாகராயர் பெயரால் நகராயிற்று. அப்பெருமகனார் பெயரை 'டி' என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தாக நறுக்கிவிட்டோம். ஏரியின் பெயரையும் மறந்தோம். ஏரி தன்னை மறக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு மழையில் அந்நகர்த் தெருக்களில் நீர் நாள்கணக்கில் நின்றது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த வள்ளுவர்க்கு 1976-இல் எழுப்பிய கோட்டமும் ஏரிப்படுகையிலேயே நிற்பதைச் சொல்ல நாணுகிறோம்.

1996-இல் 'மெட்ராசு' சென்னையாயிற்று. 2020-இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலில் பிழைகள் மலிந்தன என்ற கண்டனம் எழவே, சில நாள்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கண்டனம் முறையானதே, பிழைகள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் பிழையைத் திருத்துவதற்கு மாறாக ஆணையையே கைவிட்டது என்ன முறை? தமிழறிஞரும் கல்வெட்டறிஞரும் அமர்ந்து ஆய்ந்தால் தீராத சிக்கலன்று அது. திருத்திய பட்டியலை அரசு வெளியிடுதல் வேண்டும். மாநகராட்சி ஒவ்வொரு பேட்டையின் வாயிலிலும் அதன் பழம்பெயரையும் வரலாற்றையும் நான்கு வரியில் பொறித்தல் வேண்டும்.

அதுவரை அன்பர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. மடல் முகவரியில் தியாகராய நகர் என்று முழுமையாக எழுதுக. தத்தம் பகுதியில் சிதைந்த பெயர் தாங்கி நிற்கும் தெருப்பலகைகளைக் குறித்து நமக்கு விடுக்க. மாநகராட்சிக்கு விண்ணப்பமாகச் சேர்ப்போம்.