ஒரே மத்தியஸ்தர் போதும்
2007 டிசம்பர் தேர்தல் முடிவு வந்ததும் கென்யா பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி. லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். ஜனவரியில் நைரோபிக்கு வந்த ஐ.நா. முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார்: மத்தியஸ்தம் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். நாட்டுக்கொரு தூதர் வந்து இறங்கினால், தனக்குத் தோதானவரைத் தேடி இரு தரப்பும் ஓடும் அல்லவா! இழுபறி முற்றியதும் பேச்சுக் குழுக்களை ஒதுக்கிவிட்டு, அதிபர் கிபாக்கியையும், அவரது வெற்றியை ஏற்க மறுத்த எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவையும் நேருக்கு நேர் உட்காரவைத்தார். பிப்ரவரி 28-ல் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒடிங்காவுக்காகவே பிரதமர் பதவி மறுபடி முளைத்தது. (நாற்காலியைப் பங்குபோடுவதா ஜனநாயகம்? கேட்க வேண்டிய கேள்விதான். பிணம் விழுவது நின்ற பிறகு கேட்கலாம்.) என் ஆதங்கம் வேறு. 1992, 1997 தேர்தல்களை ஒட்டியும் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் ரத்தம் ஓடியிருந்தது. மத்தியஸ்தரை அனுப்ப 2008 ஜனவரி வரை உலகம் காத்திருந்திருக்கக் கூடாது.