எக்ஸ்பிக்கு 40 ஜிபி

போன மாதம் ஒருவர் வீடு தேடி வந்தார். அவருடைய தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் வட்டாரத்தின் ஏரிகளையும் கோயில்களையும் பற்றி ஊர் ஊராக அலைந்து எழுதிய நூல் 2003-இல் வந்தது. பெரியவர் இப்போது இல்லை. பேரன் மறுபதிப்புக் கொண்டுவர விரும்புகிறார். பழுப்பேறிய ஒரு பிரதியும் ஒரு சிடியும் அவர் கையில் இருந்தன. அந்த நாளில் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்த நான்தான் அந்தப் புத்தகத்தை அடித்து, பக்கம் கட்டியவன்.

"சிடியில எல்லாம் இருக்கு சார். அப்படியே பிரிண்ட் போட்டுடலாம்ல?" என்றார்.

இருக்கிறது. ஆனால் இன்றைய கணினிக்கு அது தமிழே இல்லை.

ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்னால், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்துத்தான் நாங்கள் வேலை செய்தோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியேற்றம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியேற்றத் தரங்கள் வந்தன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது 2010-இல்தான். அதுவரை இங்கே கணினியில் கோக்கப்பட்ட சிற்றிதழ், கவிதைத் தொகுப்பு, கோயில் மலர், ஆய்வேடு பெரும்பாலும் இப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன.

இந்த நூல் இருப்பது பேஜ்மேக்கர் கோப்பாக. அதன் எழுத்துருவோ, பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் சொருகினால்தான் ஏறும். என் கணினியில் இருப்பது 64 பிட் விண்டோஸ் 7. டாங்கிளின் 32 பிட் டிரைவரை அது ஏற்காது, பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் ஏற்கும். விண்டோஸ் 7-க்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற வழிகள் உண்டு. டாங்கிள் தொல்லை இல்லாதவர்களுக்கு அதுவே போதும், அதையே செய்யுங்கள். எனக்கு வேறு வழியில்லை. அதே கணினியில் எக்ஸ்பியையும் ஏற்றி, ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளும் டூயல் பூட்தான் வழி.

முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தேன். பிறகு 40 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன் பிரித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டேன். நீலத் திரை. 7பி என்ற பிழை எண். எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். பிறகு வந்த சாட்டா டிஸ்குகள் ஏஎச்சிஐ முறையில் ஓடுகின்றன, அதற்கான டிரைவர் பழைய சிடியில் கிடையாது. பயாஸில் ஐடிஇ என்று மாற்றினால் எக்ஸ்பி ஏறும், ஆனால் ஏஎச்சிஐயில் நிறுவிய விண்டோஸ் 7 அதே நீலத் திரையோடு நின்றுவிடும். என்லைட் என்ற கருவியால் அந்த டிரைவரைச் சேர்த்துப் புது சிடி ஒன்று எழுதியதும் எக்ஸ்பி சமர்த்தாக ஏறியது.

ஏறியதும் விண்டோஸ் 7-ஐக் காணவில்லை. உண்மையில் அது இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. பழையதை முதலில் ஏற்றி, புதியதைப் பிறகு ஏற்றுவதுதான் முறை. நான் செய்தது தலைகீழ். எக்ஸ்பி தன் பூட் குறிமுறையை டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். அதற்குத் தன் பூட் நிரலான என்டிஎல்டிஆரைத் தெரியும், பின்னால் வந்த விண்டோஸ்களின் பூட்மேனேஜரைத் தெரியாது. விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து பூட் செய்து, பூட்செக்ட் கட்டளையால் அதன் குறிமுறையைத் திரும்ப எழுதி, ஈஸிபிசிடி என்ற கருவியால் பூட் பட்டியலில் எக்ஸ்பிக்கு ஒரு வரி சேர்த்தேன். இரண்டு பெயர்களும் கறுப்புத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தபோது இரவு மணி இரண்டு.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுபோயின. ஆகவே அதில் நெட்வொர்க் கார்டை முடக்கிவிட்டேன். இணையத்தை அது பார்க்கவே கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ஜிபிடி முறையில் பிரித்த புதிய கணினிகளில் எக்ஸ்பி பூட் ஆகாது. அதனால் பழைய கணினி வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

டாங்கிளைச் சொருகி, கோப்பைத் திறந்தேன். பெரியவரின் ஏரிகள் வரிசையாக வந்தன. மதகுகளின் பெயர்கள், கல்வெட்டு இருந்த இடங்கள், யார் சொன்ன செய்தி என்ற குறிப்புகள். அவற்றில் சில ஏரிகள் இன்று பேருந்து நிலையமாகவும் மனைகளாகவும் இருக்கின்றன. அந்தப் பெயர்களை இந்தப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பனுவலை வெளியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றியதும் வேலை முடியவில்லை. பழைய முறையில் கொம்பை முதலில் அடிப்போம், மெய்யைப் பிறகு. ஒருங்குறியில் வரிசை வேறு. மாற்றும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறது. தட்டச்சுப் பழக்கத்தில் 'ர்' வர வேண்டிய இடத்தில் கால் போட்டுப் புள்ளி வைத்ததை மட்டும் அது கண்டுபிடிக்கவில்லை. பார்க்க 'அவர்கள்' போலவே இருக்கும், தேடினால் அகப்படாது. அடித்தவன் நான்தான். வரிவரியாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். பாதி நூல் முடிந்திருக்கிறது.

பதிப்பாளர்களுக்கும் அச்சக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் சிடிகளையும் பிளாப்பிகளையும் இந்த வாரமே இறக்கி, ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள். டாங்கிள் இருந்தால் அதையும் தூக்கி எறியாதீர்கள்.