வளையில் தங்காதவர்

வைத்திக்குப்பத்தில் நண்டு வாங்கப் போனால், "கால் ஒடிஞ்சது இருக்கு தம்பி, விலை கம்மி" என்பார் மீன்கார அக்கா. தாராளமாக வாங்கலாம். ருசி ஒன்றுதான்.

ஆனால் யோசியுங்கள். உயிரோடு இருக்கும்போதே காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற பிராணி, செத்துக் கோடி வருஷம் கழித்துக் கல்லுக்குள் முழுசாகக் கிடைக்குமா? ரொம்ப அபூர்வம் சார். சில நாளிலேயே மூட்டு மூட்டாகப் பிரிந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கொடுக்கும் முதுகு ஓடும்தான்.

சிப்பி, சங்கு அப்படியில்லை. கெட்டி. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே என்ற வெள்ளைக்காரர் (பெயரே ஓரெழுத்துதான்), 1840-களில் நம் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கமெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகளைச் சேகரித்தார். எல்லாம் டைனோசார் காலத்துச் சரக்கு.

பிற்பாடு இந்த வட்டாரத்துக் கல் சிப்பிகளை அளந்து, படம் போட்டு, பெயர் வைத்து நான்கு வால்யூம் எழுதியவர் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்து, 1862-ல் கல்கத்தாவில் ஜியாலஜிகல் சர்வேயில் வேலைக்குச் சேர்ந்தபோது வயசு 24.

அந்த வேலைக்கு நடுவிலேயே, 1871-ல், சிந்து, கட்ச் பகுதிகளில் கிடைத்த கல் நண்டுகளையும் ஒரு கை பார்த்தார். அதில் ஒன்று தெரிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை. புதுசாக ஒரு பேரினமே (நம் பாஷையில் கோத்திரம்) ஆரம்பிக்க வேண்டியதாயிற்று: 'டைபிலோபஸ்'. குறுணை கொட்டின மாதிரி சொரசொரவென்று இருந்ததால் 'கிரானுலோசஸ்' என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது. அந்தக் கோத்திரத்தில் இன்று வாரிசு கிடையாது.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இவர் கொழுக்காமலேயே தங்கவில்லை. கவர்மெண்ட் நாற்காலி, மாசச் சம்பளம் போதுமென்று இருந்திருக்கலாம். பர்மா, மலேயா, அந்தமான் என்று அலைந்தார். 1873-ல் யார்க்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில் மலை உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1874 ஜூன் 19-ல் லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் உயிர் பிரிந்தது. வயசு 36. லே ஊரில் அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்கும் அந்த நண்டின் பெயரை ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினால், பக்கத்திலேயே 'ஸ்டோலிச்கா, 1871' என்று போடுவது வழக்கம்.

நமக்கெல்லாம் ரிடையர் ஆன மறுநாளே கதவிலிருந்து போர்டைக் கழற்றிவிடுகிறார்கள்.