பப்பாளிப் பாலும் பத்ம விருதும்

ஆட்டுக்கறி வேக அடம்பிடித்தால் நம் வீடுகளில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவார்கள். அந்தக் காயின் பாலிலுள்ள பப்பைன் என்ற நொதிதான் 1978-இல் பெங்களூரில் பிறந்த பயோகான் என்ற நிறுவனத்தின் முதல் சரக்குகளில் ஒன்று. வாடகை வீட்டின் கார் ஷெட், கையில் 10,000 ரூபாய் முதல். அதைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் படிப்பை முடித்துத் திரும்பியவர். அது ஆண்கள் வேலை என்று இங்குள்ள ஆலைகள் கைவிரித்துவிட்டன. (இட்லி மாவைப் புளிக்கவைப்பது மட்டும் காலங்காலமாகப் பெண்கள் வேலை!) சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது வங்கிகளும் கடன் தர மறுத்தன, கடைசியில் ஒரு விருந்தில் தற்செயலாகச் சந்தித்த வங்கியாளர்தான் கைகொடுத்தார். பிறகு 1989-இல் பத்மஸ்ரீ, 2005-இல் பத்மபூஷண், 2020-இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங்கின் உலகத் தொழில்முனைவர் விருது. எல்லாம் தகும். ஆனாலும் ஜெயித்தவருக்கு மாலை போட யாருக்கும் துணிச்சல் வேண்டியதில்லை. விருதுக் குழுக்களைவிட அந்த வங்கியாளரையே நான் அதிகம் மெச்சுவேன். வங்கி மேலாளர்களே, இன்று உங்கள் மேஜையில் ஒரு பெண்ணின் கடன் மனு இருந்தால், அப்பாவையோ கணவரையோ ஜாமீனுக்கு அழைத்துவரச் சொல்லும் முன் அவருடைய திட்ட அறிக்கையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.