குஸ்தி மேடையும் அரசியல் மேடையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரவு வேளையில் தமிழர் வீடுகளிலிருந்து ஆரவாரம் எழுந்தால், அது கிரிக்கெட் ஆட்டத்துக்காக என்றே எண்ண வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் நடக்கும் அமெரிக்கக் குஸ்திக்காகவும் இருக்கலாம். தாராசிங், கிங்கொங் என்ற பெயர்களைக் கேட்டு மகிழ்ந்த தாத்தாவின் பேரன், இன்று ஜோன் சீனாவின் பெயரை உச்சரிக்கிறான்.

2023 செப்ரெம்பர் 8ஆம் நாள் அந்த அமெரிக்கக் கம்பனி ஹைதராபாத்தில் பெருங்காட்சியொன்றை நடத்தியது. பட்டத்துக்கான போட்டிகளே அதன் சிறப்பு. இந்திய மண்ணின் இரட்டையர் மோதினர், மக்கள் ஆர்ப்பரித்தனர். ஆயினும் பட்டம் கைமாறவில்லை. ஏன்? வெற்றியும் தோல்வியும் மேடை ஏறுமுன்னரே எழுதப்பட்டவை. இது நமது குற்றச்சாட்டன்று. விளையாட்டுக்குரிய கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக, 1989இல் நியூ ஜேர்சி மாநிலச் செனற் சபையின் முன் அக்கம்பனியே ஒப்புக்கொண்ட உண்மை!

இதற்காக நாம் சினங்கொள்ளவில்லை. கூத்தில் அருச்சுனன் வெல்வான் என்று அறிந்தேதான் விடியவிடியக் கண்விழித்துப் பார்த்தோம். நாடகம் என்று தெரிந்து பார்ப்பது இரசனை. நாடகத்தை நிசமென நம்புவதே ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தைத் தமிழினம் அனுபவித்தது குஸ்தி மேடையிலன்று, அரசியல் மேடையில்!

1957 யூலையில் பண்டாரநாயக்கா தந்தை செல்வாவுடன் ஒப்பந்தம் செய்தார். உடனே ஐக்கிய தேசியக் கட்சி தொடை தட்டியது, ஜே.ஆர். ஜயவர்த்தனா கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. 1965 மார்ச்சில் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா கையொப்பமிட்டார். இம்முறை தொடை தட்டியது சுதந்திரக் கட்சி. 1968இல் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. குஸ்தியில் நேற்றைய நல்லவன் இன்று தீயவனாவான். நேற்றைய தீயவன் இன்று நல்லவனாவான். வேடம் மாறும், கதை மாறாது. இங்கும் அதுவே நடந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குஸ்தியில் அடிபடுகிறவன் கூலி பெற்ற மல்லன். இங்கே அடிபட்டவர்கள் பார்வையாளர்! 1958இல் கொழும்புத் தமிழர் அகதிகளாய்க் காங்கேசன்துறைக்குக் கப்பலேறினர். 1983 யூலையில் வெள்ளவத்தை எரிந்தது. அது எந்த மேடை நாடகம்?

2024 தேர்தல்களில் பழைய மல்லர் இருவரையும் மக்கள் வீழ்த்தினர், புதியவர் மேடையேறினார். அவரை எதைக்கொண்டு அளப்பது? முழக்கத்தைக்கொண்டன்று. வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் வரவில்லை. நிலமும் நீரும் பற்றிய முடிவுகள் கமக்காரனின் வாக்கைக் கேளாமலே எடுக்கப்பட்டன. தேர்தல் நடக்கிறதா, அதிகாரம் சபையின் கைக்கு வருகிறதா என்பதே அளவுகோல்.

குஸ்தியைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அது நாடகம், அதைப் பார்த்துத் தம்பியைத் தூக்கி எறியக்கூடாது என்று பெற்றோர் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தப் பாடத்தைப் பெற்றோரும் மறவாதிருக்கட்டும். குஸ்தியில் கைதட்டுவது நம் விருப்பம். அரசியலில் கைதட்டுமுன் கணக்குக் கேட்பது நம் கடமை.