தோல் சீட்டும் சாதிக்கொடியும்

நண்பரின் காருக்கு சீட் கவர் வாங்கச் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். “ரெக்சின் வேண்டாம், அசல் தோல்தான் கெத்து” என்றார். டேஷ்போர்டில் வைக்கத் தன் சாதிக்கொடி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தமிழ்நாட்டில் தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களுக்காக எந்தக் காரிலும் கொடி பறக்கவில்லை.

செத்த மாட்டை உரித்தவரைத் தீட்டென்று சேரிக்குத் தள்ளிய சமூகம், அதே தோலில் சொகுசாகச் சாய்ந்துகொள்கிறது. காசு கொடுத்ததும் தோலின் தீட்டு கழிந்துவிட்டது. அதைப் பதப்படுத்தியவரின் தீட்டு மட்டும் கழியவேயில்லை.

காருக்குள் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள் தோழர்களே. முதலில் அந்தக் கொடியை எடுங்கள்.