ரமோனாவின் கணவன் ஏன் சாக வேண்டும்?

‘ரமோனா’ பாட்டு என் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில், எங்கள் வாத்தியார் வீட்டுக் கிராமபோனில் அதைப் பிரெஞ்சு மொழியில் கேட்டிருக்கிறேன். இனிமையான காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். 1928-இல் வந்த ஒரு மௌனப் படத்துக்காக எழுதிய பாட்டு அது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

கதையைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் ஸ்பானியப் பண்ணை வீட்டில் வளர்ந்த ரமோனா, தன் தாய் பூர்வகுடிப் பெண் என்று அறிகிறாள். அலெஸாண்ட்ரோ என்ற பூர்வகுடி இளைஞனை மணக்கிறாள். நோயுற்ற குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வெள்ளைக்கார டாக்டர் மறுக்கிறார், குழந்தை இறக்கிறது. ஒரு குதிரைக்காகக் கணவனைச் சுட்டுக் கொல்கிறான் ஒரு வெள்ளையன். நினைவிழந்த ரமோனா பழைய பண்ணை வீட்டுக்கே திரும்புகிறாள்.

இதைக் காதல் காவியம் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன்.

இயக்குநர் எட்வின் கரூ சிக்கசா பூர்வகுடி வழிவந்தவர். அநியாயத்தை ஒளிக்காமல் காட்டினார். அதற்கு என் வணக்கம். ஆனால் அலெஸாண்ட்ரோவாக நடித்தவர் யார்? வார்னர் பாக்ஸ்டர், வெள்ளைக்காரர்.

“ஹெலன் ஹன்ட் ஜாக்சன் 1884-இல் எழுதிய நாவலே அப்படித்தானே?” என்பீர்கள். உண்மை. பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமையைச் சொல்லவே அந்த அம்மையார் எழுதினார். ஆனால் அதே 1928-இல் ‘ஏபீஸ் ஐரிஷ் ரோஸ்’ என்ற படமும் வந்தது. யூதப் பையன், ஐரிஷ் கத்தோலிக்கப் பெண். பெற்றோர் சண்டை போடுகிறார்கள். இரட்டைக் குழந்தை பிறந்ததும் சமாதானம். மதம் வேறானால் பேரப்பிள்ளை. நிறம் வேறானால் பிணம்! 1922-இல் வந்த ‘தி டோல் ஆஃப் தி ஸீ’ படத்திலும், அமெரிக்கனை நம்பிய சீனப் பெண்ணுக்குக் கடல்தான் கதி.

செத்த காதலுக்கு அழுவது சுலபம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். உயிரோடு வாசலில் வந்து நிற்கும் மருமகனுக்குத்தான் நாற்காலி போட வேண்டியிருக்கிறது.

புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த நாளில், இனமும் மொழியும் வேறான ஜோடிகள் பலரை என் கையால் திருமணப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை, மீன்குழம்பில் காரத்துக்குச் சண்டை. பிறகு அதே ஜோடி பிள்ளையின் பிறப்பைப் பதிய வந்து நிற்கும். அந்தக் கதையை யார் படமாக எடுத்தார்கள்?

பாட்டை இன்றும் முணுமுணுக்கிறேன். ஆனால் அலெஸாண்ட்ரோவை மறந்துவிட்டு அல்ல.